பெரிய கோப்புகள் வராத காலை

இணையத்தளங்களை ஓடவிடும் சேவையக மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை, இப்போது அந்தப் பணியில் இருக்கும் உங்களில் சிலர் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்று ஆர்ஜொந்தெயில் வீட்டோடு இருக்கிறவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் யாராவது தும்மினால் எனக்கு இங்கே கேட்கும். ஒரு கட்டளையைத் தட்டுகிறீர்களாம், வரிகள் ஓடி முடிகின்றனவாம், தளத்தின் முகப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறீர்களாம். நானும் அப்படிப் போனவள்தான். அதனால் உங்களைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை இருக்கிறது.

2009 இல் நான் லா சப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். நிறுவனம் என்றால், மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறை. அதற்கு முன் பெரிய பிரெஞ்சு நிறுவனம் ஒன்றில் சேவையகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆட்குறைப்புச் செய்தபோது எங்கள் ஆட்களிடமே வந்து சேர்ந்தேன். முதலாளி என்னைவிட வயதில் குறைந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். லா சப்பல் கடைகளுக்கெல்லாம் இணையத்தளம் செய்து கொடுத்து, அவற்றை ஒரே ஒரு வாடகைச் சேவையகத்தில் ஓடவிட்டிருந்தார். சேலைக் கடை, கேக் கடை, கல்யாண மண்டபம், பயணச்சீட்டு விற்கிறவர், எல்லாரும் அதற்குள்தான். எல்லாத் தளங்களும் ஒரே பொதுப் பயனரின் பெயரில் ஓடின. ஒரு தளத்தின் ஓட்டையால் யாராவது உள்ளே வந்தால் மற்றத் தளங்களின் கோப்புகளையும் புரட்டிப் பார்க்கலாம். சேலைப் படங்களைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் மொழிபெயர்ப்பு அலுவலகம் எங்களிடம் வந்தது. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், நகைக்கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டால் ஏறினால் வரும் ஓர் அறை. நடத்தியவர் புதுச்சேரிப் பெண்மணி, நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். எல்லாரும் மதாம் என்போம். பிறப்பு அத்தாட்சி, கல்யாண அத்தாட்சி, அதோடு அகதி விண்ணப்பக்காரர்களின் வாக்குமூலங்கள். போர் முடிந்த கையோடு வந்த சனம் அது. யார் எங்கே இருந்தார், யார் பிடித்துக்கொண்டு போனார், யார் தப்ப உதவினார் என்பதெல்லாம் ஊர்ப் பெயர், ஆட்பெயரோடு அந்தத் தாள்களில் இருக்கும்.

மதாம் முதல் நாளே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார். "நம்ம ஜனங்க அனுப்புற தொசியே, பேப்பர் எல்லாம் உங்க மிஷின்ல எங்க வந்து விழுதுங்க? அதை யார் யார் பார்க்க முடியும்?"

நான் உண்மையைச் சொன்னேன். கேக் கடைத் தளத்துக்குள் நுழைகிறவனும் பார்க்கலாம் என்றேன்.

"அப்போ தனியா வச்சுக் குடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற இடம் பார்க்கிறேன்."

தனியாகவே செய்தேன். அவருடைய தளத்துக்கென்று வேறொரு பயனரை உருவாக்கி, அந்தப் பெயரிலேயே அதை ஓடவிட்டேன். வருகிற கோப்புகள் இறங்கும் கோப்புறையையும் அந்தப் பயனருக்கே உடைமையாக்கினேன். வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இங்கேதான் என் கெட்டித்தனத்தைக் கவனியுங்கள். புதிதாக ஒரு கோப்புறை செய்யச் சோம்பல்பட்டு, சேவையக மென்பொருளோடு கூடவே வந்த கோப்புறையையே உடைமை மாற்றிக் கொடுத்தேன். மற்றக் கடைத் தளங்கள் பொருட்களைக் காட்டுவதோடு சரி, யாரிடமிருந்தும் கோப்பு வாங்குவதில்லை. ஆகவே அந்தக் கோப்புறை சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். கையால் மாற்றினேன், வேலை செய்தது, மறந்தேன். ஒரு கடதாசியில்கூட எழுதி வைக்கவில்லை.

பழைய நிறுவனத்தில் என்னோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி இதைப் பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள். என்னைவிட ஐந்து வயது இளையவள், வாய் கொஞ்சம் நீளம். எந்த மென்பொருளை நிறுவினாலும், எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும், அதே மென்பொருளை அதற்கு மேலேயே இன்னொரு தடவை நிறுவுவாள். நீ செய்த மாற்றம் இரண்டாம் தடவைக்கும் தாங்கினால்தான் அது மாற்றம் என்பாள். எனக்கு அது வேலை மினக்கேடாகவே பட்டது. அவள் இல்லாத நேரத்தில் அவளைப் போல நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் போனது. பிறகு சேவையக மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. உடனே புதுப்பிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் செய்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாத் தளங்களின் முகப்புகளும் திறந்தன. மதாமின் தளத்துக்கு மட்டும் தனிக் கவனம் எடுத்து, இரண்டு வரி எழுதிய ஒரு சின்னக் கோப்பை அனுப்பிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தது. "முடிஞ்சுது தம்பி" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, ஒரு பிளேன் ரீயும் ஒரு ரோல்ஸும் எடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டேன்.

பதினொன்றரை வரைக்கும் ஒரு முறைப்பாடு இல்லை. இந்த அமைதியைப் பற்றி உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரு பிரெஞ்சுக்காரரின் திரையில் பிழைச் செய்தி வந்தால் இரண்டாவது நிமிடம் தொலைபேசி அடிக்கும். எங்கள் சனத்தின் திரையில் பிரெஞ்சில் ஒரு பிழைச் செய்தி வந்தால், பிழை தங்களுடையது என்றே நினைக்கும். தவறான பொத்தானை அமத்திவிட்டேனாக்கும் என்று திரும்பவும் அமத்தும். அதற்கும் வராவிட்டால் மகன் பள்ளிக்கூடத்தால் வரட்டும் என்று காத்திருக்கும். ஒரு கந்தோரையும் குற்றம் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் எங்கள் சனத்துக்கு வேலை செய்யும் நீங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள்.

பதினொன்றரைக்கு மதாம் தொலைபேசி எடுத்தார்.

"என்னங்க, ஒருத்தர் ரொம்ப நேரமா அனுப்பிக்கிட்டே இருக்காராம், போகலையாம். இப்ப எனக்கு போன் பண்ணி மன்னிப்பு கேக்கிறார். எனக்கு கம்ப்யூட்டர் சரியாத் தெரியாது அம்மா, கோவிக்காதேங்கோ என்கிறார்."

யார் என்று கேட்டேன். தெற்கே ஒரு சின்ன ஊரில், அகதி விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த ஓர் இளைஞர். அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு செய்யும் கடைசி நாள் அன்றுதான். வாக்குமூலத்தை மதாம் ஏற்கெனவே மொழிபெயர்த்துவிட்டார். ஆனால் வாக்குமூலத்துக்குச் சான்றாக வேண்டிய ஆஸ்பத்திரிக் கடிதமும் கிராம சேவகரின் கடிதமும் ஊரிலிருந்து முதல் நாள்தான் தபாலில் வந்து சேர்ந்திருந்தன. அவற்றை மதாம் மொழிபெயர்த்து, வக்கீலிடம் கொடுத்து, அன்று மாலை தபால் கந்தோர் பூட்டுவதற்குள் அனுப்ப வேண்டும். இளைஞர் ஊர் நூலகத்துக் கணினியில் இருந்தார். நூலகம் பன்னிரண்டரைக்குப் பூட்டும், அன்று பின்னேரம் திறக்காது.

"மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கோவன் மதாம்" என்றேன்.

"சொன்னேங்க. மாட்டேங்கிறார். அந்த மெயில் அவரோடது இல்லையாம். லா சப்பல்ல போன் கார்டு விக்கிற கடைக்காரர் திறந்து குடுத்ததாம். பாஸ்வேர்ட் அந்தக் கடைக்காரருக்கும் தெரியும், அவர் கூட்டாளிகளுக்கும் தெரியுமாம். புதுசா ஒண்ணு திறக்க நூலகத்துல அவருக்குத் தெரியல, எனக்கும் போன்ல சொல்லிக் குடுக்கத் தெரியல. உங்க தளம் தனியா இருக்கு, யாரும் பார்க்க முடியாதுன்னு நான்தான் அவருக்குச் சொன்னேன். அதை நம்பித்தான் உக்கார்ந்திருக்கார்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அந்த நாளில் கடைக்காரர் திறந்து கொடுத்த மின்னஞ்சலோடு லா சப்பலில் பாதிப் பேர் இருந்தார்கள். கடவுச்சொல் பெரும்பாலும் அவர்களுடைய தொலைபேசி எண்.

காலையில் நான் கையை வைத்தது ஒன்றே ஒன்றில்தான். என்னால்தான் அந்த மனிதருக்கு இது நடக்கிறது என்று தெரிந்தது, எப்படி என்று மட்டும் தெரியவில்லை. திரும்பவும் இரண்டு வரிக் கோப்பை அனுப்பினேன். போனது. இன்னொரு தடவை அனுப்பினேன். அதுவும் போனது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். மதாம் அவருக்கும் எடுத்திருந்தார்.

"அக்கா, அந்தத் தளத்தை மற்றதுகளோடை சேர்த்து ஓட விடுங்கோ. பொதுப் பயனரிலை எல்லாம் வடிவா ஓடுதுதானே. ஒரு நாளைக்குத்தானே, பின்னேரம் பழையபடி மாத்தலாம்."

மனிதர் மடையர் இல்லை. அவர் சொன்னது வேலை செய்யும். ஒரு வரியை மாற்றினால் போதும், இரண்டு நிமிடத்தில் அந்த இளைஞரின் கடிதங்கள் வந்து விழும். ஆனால் அவை பொதுப் பயனரின் கோப்புகளாக வந்து விழும். கேக் கடைத் தளத்தின் சாவியை வைத்திருக்கிற எவரும் அவற்றைத் திறந்து படிக்கலாம். அந்தச் சாவி எத்தனை பேரிடம் இருந்தது என்று முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன் கார்ட் கடைக்காரருக்குத் தளம் செய்து கொடுத்ததும் நாங்கள்தான். அவருடைய தளமும் அதே இயந்திரத்தில்தான் இருந்தது.

"அது ஏலாது" என்றேன். "எனக்கு அரை மணித்தியாலம் தாங்கோ."

"அரை மணித்தியாலத்திலை உங்களுக்குப் பிடிபடாட்டி?"

"அப்ப நான் மதாமுக்கு எடுத்து உண்மையைச் சொல்லுறன். சேர்த்து ஓடவிட்டால் மற்றவை பாக்கலாம், அனுப்பிறதோ இல்லையோ எண்டு அந்தப் பெடியனே முடிவெடுக்கட்டும். அவருக்குத் தெரியாமல் நாங்கள் முடிவெடுக்கக் கூடாது."

முதலாளி பக்கத்துக் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். கத்துகிற முதலாளியைச் சமாளிக்கலாம், பக்கத்தில் இருந்து மணிக்கூடு பார்க்கிறவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். என்னென்னவோ வரிகளைத் திறந்து திறந்து மூடினேன். பத்து நிமிடம் அப்படியே வீணாகப் போனது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

பிறகு மதாமுக்கு எடுத்தேன். என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. காலையிலிருந்து வந்தவற்றை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

"மதாம், இண்டைக்குக் காலமை ஒண்டுமே வரேல்லையோ?"

"வந்துச்சே. பேரு, விலாசம் எழுதி அனுப்புறது வந்துச்சு. ஒரு சின்ன கடிதம் வந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "படம் ஒண்ணும் வரலைங்க. ஸ்கேன் பண்ணது ஒண்ணுகூட வரல. எப்பவும் காலையில அஞ்சாறு இருக்கும்."

சின்னது வருகிறது, பெரியது வரவில்லை. இதைத்தான் ஒரு மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொல்லித் தந்தார், முப்பது வருட அனுபவக்காரிக்கு. சின்னக் கோப்பைச் சேவையகம் நினைவகத்திலேயே வைத்துக் கைமாற்றிவிடும். பெரியது வந்தால்தான் அதை முதலில் ஒரு கோப்புறையில் இறக்கி வைக்கும். என் இரண்டு வரிச் சோதனை அந்தக் கோப்புறையின் பக்கமே போகவில்லை. அப்படியென்றால் பழுது அந்தக் கோப்புறையில்தான்.

போய்ப் பார்த்தேன். உடைமையாளர் என்ற இடத்தில் நான் கொடுத்த பெயர் இல்லை, பொதுப் பயனரின் பெயர் இருந்தது. மென்பொருளோடு வந்த கோப்புறை அல்லவா, புதுப்பிக்கும்போது நிறுவும் கருவி தன் பட்டியலைப் பார்த்து, இது இன்னாருடையது என்று பழையபடி எழுதிவிட்டது. அதன்மேல் பிழையே இல்லை. நான் மாற்றியதை நான் அதற்குச் சொல்லவே இல்லை. மதாமின் தளம் தன் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நுழைய முடியாமல் வெளியே நின்றது.

சேவையகத்தின் பதிவேட்டில் அந்தக் காலையின் முயற்சிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆறு ஏழு இடங்களிலிருந்து சனம் அனுப்பிப் பார்த்திருந்தது. ஓரிடத்திலிருந்து மட்டும் அதே அளவுள்ள அதே கோப்பு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக, பதினொரு தடவை வந்து திரும்பியிருந்தது. நான் கீழே ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் இரண்டு தடவை. அந்த வரிகளைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி பார்க்கக்கூடாது என்று தும்மினேன்.

உடைமையைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு ஒரு வரிதான். சோதிக்க ஒரு பெரிய கோப்பு வேண்டும். கைக்கு அகப்பட்டது முதலாளியின் கல்யாணப் படம், தலைப்பாகையோடு. அதை அனுப்பினேன். போனது. மதாம் தொலைபேசியில் சிரித்தார். "மாப்பிள்ளை வந்துட்டாருங்க. நான் அவரை அனுப்பச் சொல்றேன்."

பன்னிரண்டு இருபதுக்குப் பன்னிரண்டாவது தடவையாக அந்தக் கோப்பு புறப்பட்டது. பெரிய கோப்பு, சின்ன ஊர் இணைப்பு. பாதியில் நூலகக்காரி வந்து கணினியை நிறுத்திவிடுவாளோ என்று நானும் முதலாளியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழுதாக வந்து சேர்ந்தது, சரியான உடைமையாளரின் பெயரில், மற்ற எவருக்கும் பூட்டப்பட்டு. முதலாளி எழும்பிக் கீழே போய் எனக்கு ஒரு ரீ வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ரீ வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் நீங்கள் கதையை முடித்துவிடுவீர்கள். எனக்கு அந்தப் பிரெஞ்சுக்காரியின் நினைவு வந்தது. நான் இப்போது திருத்தியதும் கையால்தான். அடுத்த புதுப்பிப்பு வரும் நாளில் இன்னொருவர் பதினொரு தடவை அனுப்பிக்கொண்டிருப்பார். நிறுவும் கருவியிடமே ஒரு விதிவிலக்குப் பட்டியல் உண்டு. இந்தக் கோப்புறைக்கு இவர்தான் உடைமையாளர், இன்ன இன்ன அனுமதிதான், இனி நீ இதைத் தொடாதே என்று அதில் எழுதிவிடலாம். அப்படி ஒன்று இருப்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். நமக்கெதற்கு என்று விட்டிருந்தேன். அன்று எழுதினேன். எழுதிவிட்டு முதலாளியிடம் திரும்பினேன்.

"தம்பி, மதாம் வேலை முடிச்சு, வக்கீல் தபாலிலை போட்டதும் எனக்குச் சொல்லுங்கோ. நான் காலமை போட்ட அப்டேட்டைத் திரும்பவும் போடப்போறன்."

"உங்களுக்கு விசரோ அக்கா?"

"ஓம். காலமை இருந்த விசருக்கு இது மருந்து."

ஐந்து மணிக்கு முன்னரே வக்கீல் தபாலில் சேர்த்துவிட்டார் என்று மதாம் சொன்னார். அவரிடமும் முதலாளியிடமும் பிழை என்னுடையது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். மதாம் கோபப்படவில்லை. "இனிமே பெரிய ஃபைலா அனுப்பிப் பார்த்துட்டு முடிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைக்க வேண்டியது எல்லாம் இருந்தது.

பிறகு முதலாளியைப் பக்கத்தில் இருத்திவைத்து, அதே மென்பொருளை மேலாலே நிறுவினேன். வரிகள் ஓடின. அவருக்கு வேர்த்தது. முடிந்ததும் கோப்புறையின் உடைமையாளரைக் காட்டும் கட்டளையை அவரையே தட்டச் சொன்னேன். தட்டினார். நான் கொடுத்த பெயர் அசையாமல் அங்கேயே இருந்தது. இன்னொரு தடவை நிறுவினேன். அப்போதும் அங்கேயே. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு, கதிரையில் ஏறி நின்று கத்தலாம் போலிருந்தது. அடுத்த நாள் அந்தப் பிரெஞ்சுக்காரியைத் தேடிப்பிடித்துத் தொலைபேசி எடுத்து, அவளை நடித்துக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நான் நடித்தது தனக்கு அப்போதே தெரியும், நடை மட்டும் சரியில்லை என்றாள்.

நான் அங்கே இருந்த வருடங்களில் எத்தனையோ புதுப்பிப்புகள் வந்தன, ஒரு தடவை இயந்திரமே மாறியது. பெரிய கோப்புகள் வராத காலை பிறகு ஒருநாளும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலாளியின் கல்யாணப் படம்தான் முதலில் போகும். அவருடைய மனைவிக்கு இந்த விஷயம் கடைசி வரைக்கும் தெரியாது.

அந்த இளைஞரின் மேன்முறையீடு விசாரணைக்கு வர ஒரு வருடம் போனது. வென்றார். மதாம்தான் தொலைபேசியில் சொன்னார். சொல்லி இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, மரக்கறிக் கடைக்கு மேலே எங்கள் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், கையில் ஒரு பை மாம்பழம். பத்து வருட வதிவிட அட்டையை எடுத்துக் காட்டினார். முதலாளி அவருக்குக் கைகொடுத்து, அன்று நடந்ததைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியது போலச் சொல்லி முடித்தார். நான் விட்டுவிட்டேன்.

வந்தவர் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முதலாளி உள்ளறைக்குப் போனதும் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? அண்டைக்கு நான் அனுப்பின கடிதங்களை இஞ்சை வேறை ஆரும் பாத்தவையோ? அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்திலை என்ரை தங்கச்சியைப் பற்றியும் இருக்கு. அவளுக்கு இப்ப கலியாணம் பேசுகினம்."

எங்கள் வேலையில் இருக்கிறவர்களால் எதையும் திறந்து பார்க்க முடியும். அது உங்களுக்கும் தெரியும். அன்று அந்தக் கோப்பு வந்து சேர்ந்ததா என்று பார்க்க நான் அதன் பெயரையும் அளவையும் உடைமையாளரையும் மட்டுமே பார்த்தேன்.

"மதாமையும் வக்கீலையும் தவிர ஒருத்தரும் பாக்கேல்லைத் தம்பி" என்றேன். "நானும் பாக்கேல்லை."

அவர் பையிலிருந்து நல்ல பழமாக ஒன்றைத் தேடி எடுத்து என் மேசையில் வைத்தார்.